காட்டுப்பள்ளி மக்கள் பேரில் பொய்க் கணக்கு: ஆய்வேடு விற்பவர்களுக்கு எங்கள் கண்டனம்

காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் பகுதிநேர ஆய்வாளர்களும், இந்தப் பகுதிக் கல்லூரி ஆசிரியர்களும் சேர்ந்தது எங்கள் சங்கம். ‘தீசிஸ் கன்சல்டன்சி’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஆய்வேட்டை முழுசாக எழுதி விற்கும் நிறுவனங்களைச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. அங்கே காசு கொடுத்து வாங்கியதைத் தன் உழைப்பு என்று கையெழுத்திட்டுச் சமர்ப்பிப்பவர்களையும், தெரிந்தே அதற்குச் சான்றிதழ் தரும் நெறியாளர்களையும் அதே அளவுக்குக் கண்டிக்கிறது. சங்கங்களின் கண்டன அறிக்கை வழக்கமாக வெளியாட்களை நோக்கித்தான் இருக்கும். இது எங்கள் உறுப்பினர்களுக்கும் சேர்த்து எழுதப்படுகிறது.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பவர்கள் கையில் துண்டறிக்கையாகவும், வாட்ஸ்ஆப் குழுக்களில் விளம்பரமாகவும் இந்த வியாபாரம் எங்கள் பகுதிக்குள் வந்து வெகுநாளாகிறது. அந்த விளம்பரங்கள் எதையும் ஒளித்து வைப்பதில்லை. தலைப்புத் தேர்வு, சினாப்சிஸ், கேள்விப் படிவம், தரவு, எஸ்பிஎஸ்எஸ் பகுப்பாய்வு, ஐந்து அத்தியாயம், ஸ்கோபஸ் இதழில் இரண்டு பேப்பர், 10 சதவீதத்துக்குக் கீழே ஒப்புமை அறிக்கை, வைவாவில் வரக்கூடிய கேள்விகளும் பதில்களும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி. தவணையும் உண்டு. பொறியியல் ஆய்வாளர்களுக்கு மேட்லேப் நிரலும் அதன் வரைபடங்களும் வேறு கணக்கு. இந்தப் பட்டியலில் ‘தரவு’ என்று ஒரு வரி இருக்கிறதே, எங்கள் கோபம் அங்கேதான் தொடங்குகிறது.

துறைமுகப் பகுதியில் வேலை பார்க்கும் எங்கள் உறுப்பினர் ஒருவர், தன் ஆய்வேட்டின் ஆங்கிலத்தை மட்டும் சரிபார்த்து வாங்கலாம் என்று சென்னையில் இப்படி ஓர் அலுவலகத்துக்குப் போனார். ‘எங்கள் வேலையின் தரத்தைப் பாருங்கள்’ என்று முன்பு வேறு யாருக்கோ செய்து கொடுத்த ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தை எடுத்துக் காட்டினார்கள். அது வடசென்னைக் கடலோரக் குடும்பங்களின் வாழ்வாதாரம் பற்றியது. சொந்த ஊர் அட்டவணையில் இருந்ததால், நிரப்பிய படிவங்கள் இருக்கிறதா என்று அவர் கேட்டார். அதையும் தயங்காமல் அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்கள். எல்லாத் தாளிலும் ஒரே நீலப் பேனா. டிக் எல்லாம் ஒரே சாய்வு. ஒரு தாளிலும் மடிப்பு இல்லை, கசங்கல் இல்லை, ஈரம் பட்ட தடம் இல்லை. கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, காற்றில் பறக்கும் தாளை முழங்காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிரப்பிய படிவம் அப்படி இருக்காது. தொழில்: மீன்பிடித்தல். மாத வருமானம்: 10,000 முதல் 15,000 வரை. அடுத்த தாளிலும் அதுவே. அதற்கடுத்த தாளிலும் அதுவே.

இந்தப் பக்கத்து மீனவக் குடும்பத்துக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது என்பதை இங்கே ஒரு பொழுது வந்து பேசியிருந்தாலே தெரிந்துகொண்டிருக்கலாம். பழவேற்காடு ஏரியில் பாடு முறை காலங்காலமாக இருந்துவருகிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதை ஊர்க்கூட்டத்தில் வைத்து முறை பிரித்துக்கொள்வார்கள். பாடு உள்ள குடும்பத்தின் வரவு வேறு, பாட்டில் இடமில்லாதவர்களின் வரவு வேறு. இறால் வரும் மாதம் வேறு, முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடக்கும் மாதம் வேறு. கொசஸ்தலை ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் கணக்கு இவை எதிலும் சேராத தனிக் கணக்கு. இதையெல்லாம் கேட்டு எழுத ஆரம்பித்தால் அந்தக் கேள்விப் படிவமே மாறிப்போகும். ஆய்வு என்று சொல்வது அந்த மாற்றத்தைத்தான். அலமாரியில் இருந்த தாள்களில் இப்படி எதுவும் மாறவில்லை, ஏனென்றால் யாரும் யாரையும் எதையும் கேட்கவில்லை.

தொழிலாளர் நிலைமை பற்றிய ‘ஆய்வு’களிலும் இதே கதைதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள். வேலையில் திருப்தியா என்று அவர்களிடம் கேட்டு, ‘மிகவும் திருப்தி’ முதல் ‘சற்றும் திருப்தியில்லை’ வரை ஐந்து கட்டத்தில் ஒன்றில் டிக் வாங்கியதாக அட்டவணை சொல்லும். எந்த மொழியில் கேட்டார்கள், யார் மொழிபெயர்த்தார்கள், கேட்கும்போது கான்ட்ராக்டரின் ஆள் பக்கத்தில் நின்றாரா, வேலை போய்விடும் என்று பயந்து பேசாமல் போனவர்கள் எத்தனை பேர்? நேர்மையான ஆய்வாளர் ஒருவருக்கு இந்தக் கேள்விகளால் மாதக்கணக்கில் தூக்கம் கெடும். விலைக்கு வாங்கிய ஆய்வேட்டில் இந்தக் கேள்வியே எழாது. அத்தனை பேரும் பதில் சொன்னார்கள், அத்தனை பதிலும் முழுமையாக இருந்தது, கருதுகோள்கள் எல்லாம் நிரூபணமாகிவிட்டன என்று முடியும்.

இதில் என்ன பெரிய கேடு, யாரோ ஒருவர் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் கூடுகிறது, அவ்வளவுதானே என்று எங்களிடமே கேட்டவர்கள் உண்டு. வேறு ஊரில் இருந்து கேட்டிருந்தால் பொறுமையாகப் பதில் சொல்லியிருப்போம். காட்டுப்பள்ளியில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கக் கூடாது. ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, பழவேற்காடு ஏரி என்று தண்ணீர் சூழ்ந்த நிலம் இது. 2001-ல் எண்ணூர் துறைமுகம் வேலை தொடங்கியது. 2010-ல் இங்கே நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. 2013-ல் கப்பல் கட்டும் தளத்தோடு சேர்ந்து காட்டுப்பள்ளித் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2018-ல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. அதை 6,110 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டத்தின் மீது 2021 ஜனவரியில் நடக்க இருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் நடத்துவதாக மறுபடி அறிவித்து, மறுபடி தள்ளிவைத்தார்கள். அந்தத் திட்டத்தை ஆதரிப்பவர்களும் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள், எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்தாரும் ஒத்துக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு: இங்கே எத்தனை குடும்பம், என்ன தொழில், எவ்வளவு வரவு, எந்தத் தண்ணீரை நம்பிப் பிழைப்பு என்ற எண்களை வைத்துத்தான் எல்லா முடிவும் எடுக்கப்படுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோதும், குடும்பத்துக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு என்று நிவாரணம் பிரித்தது கணக்கெடுப்பை வைத்துத்தான். கணக்கில் வராதவர் இழப்பீட்டிலும் வரமாட்டார் என்பது இந்த ஊர்க்காரர்கள் பட்டு அறிந்தது.

ஒவ்வொரு ஆய்வேடும் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் ஏற்றப்பட வேண்டும் என்பது விதி. ஏற்றிய பிறகு உலகில் யார் வேண்டுமானாலும் அதை எடுத்துப் படிக்கலாம், மேற்கோள் காட்டலாம். பொய் அட்டவணை ஒன்று உள்ளே போனால், அடுத்து வரும் மாணவர் அதை ‘முன்னாய்வுகள்’ என்ற தலைப்பில் சேர்ப்பார். அவரை இன்னொருவர் மேற்கோள் காட்டுவார். நாளைக்கு ஒரு சமூகத் தாக்க அறிக்கையின் அடிக்குறிப்பில் அந்த எண் வந்து உட்கார்ந்தால், அது ஓர் அலுவலக அலமாரியில் ஒரே பேனாவால் பிறந்த எண் என்று யார் போய்ச் சொல்வது? ஏழைகள் பேரில் பொய்ச் சாட்சி சொல்வது என்றுதான் இதை நாங்கள் சொல்வோம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கல்வி நேர்மைக்கும் கருத்துத் திருட்டுத் தடுப்புக்கும் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தது. ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. 14 சொற்கள் வரை தொடர்ச்சியாக ஒத்துப்போவது கணக்கில் சேராது. இந்தக் கணக்கை எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் ஆய்வேடு விற்பவர்கள். 2019-ல் ‘சோத்சுத்தி’ திட்டத்தின் மூலம் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்புமை பார்க்கும் மென்பொருள் கொடுத்த பிறகும் அவர்கள் கடையை மூடவில்லை. ‘10 சதவீதத்துக்குள் உத்தரவாதம்’ என்று அதையே விளம்பர வாசகம் ஆக்கிக்கொண்டார்கள்.

காரணம் எளிது. மென்பொருள் பார்ப்பது ஏற்கெனவே வந்த எழுத்தோடு இது ஒத்துப்போகிறதா என்பதை மட்டும். கூலிக்கு ஆள் வைத்துப் புதிதாக எழுதிய ஆய்வேடு எதோடும் ஒத்துப்போகாது. இட்டுக்கட்டிய தரவு உலகில் வேறெங்கும் இல்லாததால் அதுவும் சுத்தமாகத் தேறிவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியில் வாங்கிய பத்திகளை இவர்கள் சேர்த்துக் கொடுக்கிறார்கள், அதற்கும் இதே கதி. நாலு பக்கம் அறியாமல் எடுத்தாண்ட மாணவர் மாட்டுகிறார், நானூறு பக்கத்தையும் விலைக்கு வாங்கியவர் 4 சதவீத அறிக்கையோடு வெளியே வருகிறார். ஆனால் அதே 2018 ஒழுங்குமுறை, பிறருடைய உழைப்பையோ கருத்தையோ தன்னுடையது என்று காட்டுவதுதான் கருத்துத் திருட்டு என்று தெளிவாக வரையறுத்திருக்கிறது. விலைக்கு வாங்கிய ஆய்வேடு அந்த வரையறைக்குள் முழுசாக வருகிறது. பட்டம் கொடுத்த பிறகு நிரூபணமானாலும் அதை நிறுத்திவைக்க விதியில் இடம் இருக்கிறது. துறை அளவில் ஒரு குழு, நிறுவன அளவில் ஒரு குழு என்று விசாரிக்கும் அமைப்பும் உண்டு. இது நடப்பது விதி இல்லாததால் அல்ல. சதவீதத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் கடமை முடிந்தது என்று இருப்பதால் நடக்கிறது.

நெறியாளர்கள் பற்றிச் சொல்லாமல் இந்த அறிக்கை முழுமை பெறாது. பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம் என்று மானியக் குழு விதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வாளர் ஆலோசனைக் குழு முன்பு வந்து தன் வேலையை விளக்க வேண்டும் என்கிறது 2022 நவம்பரில் வந்த அதன் ஒழுங்குமுறை. பருவம் ஒன்றுக்கு ஒருமுறை நேரில் உட்கார வைத்து, ‘இந்த அட்டவணையின் இந்தக் கட்டத்தில் இருப்பவரை எங்கே பார்த்தாய், என்ன பேசினாய்’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். வாங்கியதா, எழுதியதா என்பது அந்த மேசையிலேயே தெரிந்துவிடும். தன் மாணவர் எழுதும் ஆங்கிலம் எப்படி இருக்கும் என்று மூன்று வருடம் பழகிய நெறியாளருக்குத் தெரியாதா? ஒரே மாதத்தில் நடை தலைகீழாக மாறிய அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போடுபவர், படிக்காமல் போட்டிருக்க வேண்டும், அல்லது தெரிந்தே போட்டிருக்க வேண்டும். சில நெறியாளர்களே ‘அங்கே போய்ப் பாருங்கள், முடித்துக் கொடுப்பார்கள்’ என்று நம்பரைக் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று எங்கள் உறுப்பினர்கள் பலர் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கிறார்கள். வேலியே பயிரை மேயும் காரியம் இது. நேர்மையான நெறியாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சனி, ஞாயிறு என்று பாராமல் மாணவரை வீட்டுக்கு வரச் சொல்லி அத்தியாயம் அத்தியாயமாகத் திருத்திக் கொடுப்பவர்கள் அவர்கள். அவர்கள் பெயருக்கும் சேர்த்துத்தான் இழுக்கு வருகிறது என்பதால் சொல்கிறோம்.

எங்கள் ஆட்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதையும் பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்காது. 2014-15-ல் இந்தியாவில் சுமார் 1.17 லட்சம் பேர் முனைவர் பட்டத்துக்குப் படித்தார்கள். 2021-22-ல் அது 2.12 லட்சம் ஆகிவிட்டது. பொறியியல் கல்லூரி ஆசிரியருக்கு இணைப் பேராசிரியர் ஆக முனைவர் பட்டம் வேண்டும். தனியார் கல்லூரி நிர்வாகம் இந்த வருடத்துக்குள் முடி என்று நெருக்குகிறது. தொழிற்சாலையில் இருப்பவருக்குக் கல்லூரி வேலைக்குப் போக அது ஒரு வழி. ஷிப்ட் மாறி மாறி வரும், நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் இவர் வேலையில் இருப்பார். தமிழ் வழியில் படித்து வந்தவர் ஆங்கிலத்தில் முந்நூறு பக்கம் எழுத வேண்டும். புள்ளியியல் பாடத்தைக் கல்லூரியோடு மறந்தவர் காரணிப் பகுப்பாய்வு செய்ய வேண்டும். இதழில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 ஒழுங்குமுறை எடுத்துவிட்டது, ஆனாலும் பல இடங்களில் ‘பேப்பர் இருக்கா’ என்ற கேள்விதான் முதலில் வருகிறது. பெண் ஆய்வாளர்களுக்கு இதன் மேல் வீட்டு வேலை. எட்டு வருடம் வரை போகலாம், பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் இரண்டு வருடம் கூடுதல் என்று விதியில் இருப்பதைச் சொல்லிக் கொடுக்கக்கூட ஆள் இல்லாமல், அவசரப்பட்டுப் பணத்தைக் கட்டியவர்கள் உண்டு.

இதில் நிறுவனங்களின் பொறுப்பையும் சுட்டிக்காட்டுகிறோம். பகுதிநேர ஆய்வாளர் பதிவு செய்யும்போது வேலை கொடுப்பவரிடமிருந்து தடையின்மைச் சான்று வாங்கித் தர வேண்டும். ஆய்வு செய்யப் போதுமான நேரம் இவருக்குக் கிடைக்கும், தேவைப்பட்டால் பாடநெறிக்காகப் பணியிலிருந்து விடுவிப்போம் என்பது அந்தச் சான்றின் உள்ளடக்கம். கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். கோர்ஸ் வொர்க் நாளில் லீவு கேட்டால் ஆள் குறைவு என்கிறார்கள். ஓவர்டைம் மறுத்தால் முகம் மாறுகிறது. அந்தச் சான்று வெறும் காகிதமாக இருக்கும்வரை ஆய்வேடு விற்பவருக்கு ஆட்கள் கிடைத்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

இவ்வளவு நெருக்கடியும் உண்மை. இருந்தாலும் வாங்கிச் சமர்ப்பிப்பதற்கு அது நியாயம் ஆகாது. காட்டுப்பள்ளிக் குப்பத்தில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கடி இருந்தது, அவர்கள் யாரும் மார்க் ஷீட்டை விலைக்கு வாங்கவில்லை. பட்டம் வாங்கிய பிறகு வகுப்பில் போய் நிற்கப் போகிறோம், வேறு பிள்ளைகளுக்கு வழிகாட்டப் போகிறோம். களத்துக்கே போகாதவர், களத்துக்குப் போக எப்படிச் சொல்லிக்கொடுப்பார்?

எல்லா உதவியும் தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. இதில் குழப்பம் வேண்டாம், ஏனென்றால் சரியான உதவியைக் கேட்கக் கூச்சப்படுபவர்கள்தான் கடைசியில் தவறான இடத்தில் போய் நிற்கிறார்கள். ஆங்கிலப் பிழை பார்க்கச் சொல்வது, தட்டச்சு செய்து பைண்டிங் போடக் கொடுப்பது, புள்ளியியல் தெரிந்தவரிடம் உட்கார்ந்து எந்தச் சோதனை இந்தத் தரவுக்குப் பொருந்தும் என்று கற்றுக்கொள்வது, அத்தியாய அமைப்பைப் பற்றி ஒரு மூத்த ஆய்வாளரிடம் கருத்துக் கேட்பது எல்லாம் முறையான உதவிகள். அவர்கள் பெயரை நன்றியுரையில் எழுத முடிந்தால் அது சரியான உதவி. எழுதத் தயக்கம் வந்தால், வாங்கக் கூடாததை வாங்கிவிட்டோம் என்று அர்த்தம். ஒவ்வொரு அத்தியாயத்தின் முதல் வரைவும் ஆய்வாளர் கையால் இருக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று அவர் வாயால் சொல்ல முடிய வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் வேறு யாரிடம் என்ன கேட்டாலும் கெடுதல் இல்லை.

பணம் கட்டியவர்கள் படும் பாட்டையும் சொல்கிறோம். முதல் தவணையோடு பேச்சு குறையும், இரண்டாவது தவணைக்குப் பிறகு அத்தியாயம் வராது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், ‘நீங்கள் எங்களிடம் வாங்கியது உங்கள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும்’ என்று பதில் வரும். எங்களிடம் வந்து அழுத உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இது இங்கே மட்டும் நடப்பதல்ல. இப்படிப்பட்ட நிறுவனங்கள் மாணவர்களை மிரட்டிப் பணம் பறிப்பது பற்றி ஆஸ்திரேலியாவின் உயர்கல்வித் தர முகமையே மாணவர்களை எச்சரித்திருக்கிறது. அந்த நாடு 2020-ல் எழுதிக் கொடுத்து விற்பதையும் அதை விளம்பரம் செய்வதையும் சட்டப்படி குற்றமாக்கியது. இங்கிலாந்து 2022-ல் அதையே செய்தது. நியூசிலாந்து அதற்குப் பல வருடங்கள் முந்தியே செய்துவிட்டது. அந்தச் சட்டங்கள் குறிவைத்தது விற்பவரை.

நம் நாட்டில் 2024-ல் வந்த பொதுத் தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம் வேலைவாய்ப்பு, நுழைவுத் தேர்வுகளுக்கானது. ஆய்வேட்டை எழுதி விற்பவர் அதற்குள் வரமாட்டார். மோசடிப் பிரிவில் புகார் கொடுக்கலாம் என்றால், கொடுப்பது யார்? விற்றவருக்கும் வாங்கியவருக்கும் சம்மதம், நெறியாளருக்குத் தொல்லை விட்டது, பல்கலைக்கழகத்துக்கு எண்ணிக்கை கூடியது. நஷ்டப்பட்டவர்கள் அட்டவணையில் பெயரில்லாமல் இருக்கும் மீனவரும் ஒப்பந்தத் தொழிலாளியும்தான், அவர்களுக்கு இப்படி ஒன்று நடந்தது என்றே தெரியாது. 2025 ஜனவரியில் ராஜஸ்தானைச் சேர்ந்த மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு முனைவர் பட்டத்துக்கு ஆள் சேர்க்கக் கூடாது என்று மானியக் குழு தடை போட்டது. விதிகளைப் பின்பற்றாமல் பட்டம் கொடுத்ததுதான் காரணம். மனது வைத்தால் நடவடிக்கை எடுக்க முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறோம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அப்படி ஒரு நாள் வரக் கூடாது என்பது எங்கள் கவலை.

ஆகவே தமிழ்நாடு அரசை நாங்கள் கேட்பது, ஆய்வேட்டை எழுதி விற்பதையும் அதற்கு விளம்பரம் செய்வதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம். மிரட்டலுக்கு ஆளான ஆய்வாளர் முன்வந்து சாட்சி சொன்னால் அவருக்குப் பாதுகாப்பும் அதில் இருக்க வேண்டும். ஆய்வாளர் தானே திருத்திக்கொண்டு மறுபடி எழுதத் தயார் என்றால், அதற்குக் கால அவகாசம் கொடுக்கப் பல்கலைக்கழகங்கள் முன்வர வேண்டும்.

பல்கலைக்கழகங்களிடம் எங்கள் முதல் கோரிக்கை, ஒப்புமை சதவீதத்தோடு நிற்காமல் மூலத் தரவைப் பார்க்க வேண்டும் என்பது. நிரப்பிய படிவங்கள், களக் குறிப்பேடு, ஒலிப்பதிவு, ஆய்வகப் பதிவேடு எல்லாம் ஆலோசனைக் குழு முன்பு வைக்கப்பட்டு, பட்டம் கொடுத்த பிறகும் சில வருடங்கள் துறையில் பாதுகாக்கப்பட வேண்டும். பதில் சொன்னவர்களின் பெயரும் அடையாளமும் வெளியே போகாதபடி அதற்கு ஒழுங்கு செய்துகொள்ளலாம். பகுதிநேர ஆய்வாளர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் புள்ளியியல் உதவியும் ஆங்கில எழுத்து உதவியும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். வெளியே விற்கப்படும் பொருளை உள்ளே முறையாகக் கொடுத்துவிட்டால் வெளியே வாங்க யார் போவார்கள்? நிறுவனங்கள் தாங்கள் கொடுத்த தடையின்மைச் சான்றில் உள்ளதைச் செய்ய வேண்டும். வாய்மொழித் தேர்வுத் தகவலைத் துறைக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியதோடு விடாமல், ஆய்வு நடந்த ஊருக்கும் தகவல் சொல்ல வேண்டும். காட்டுப்பள்ளியைப் பற்றிய ஆய்வு என்றால், அதன் முடிவுகளைத் தமிழில் ஒருமுறையாவது இந்த ஊர் மக்கள் முன்பு ஆய்வாளர் நின்று சொல்ல வேண்டும். வருமானக் கணக்கு தவறு என்றால் ஊர்க்காரர்கள் அங்கேயே சொல்லிவிடுவார்கள். அதைவிடப் பெரிய ஒப்புமைச் சோதனை எந்த மென்பொருளிலும் இல்லை.

எங்கள் சங்கம் தன் பங்குக்கு எடுத்த முடிவுகளையும் தெரிவிக்கிறோம். ஆய்வேட்டை விலைக்கு வாங்கியது விசாரணையில் உறுதியானால், அந்த உறுப்பினருக்காகச் சங்கம் யாரிடமும் பரிந்து பேசாது. எங்கள் வாட்ஸ்ஆப் குழுக்களில் இந்த விளம்பரங்களைப் போடுபவர்கள் நீக்கப்படுவார்கள். ஏற்கெனவே பணம் கட்டி மாட்டிக்கொண்டு மிரட்டலுக்குப் பயந்திருப்பவர்கள் தயங்காமல் பொறுப்பாளர்களிடம் வரலாம். பெயர் வெளியே போகாது, காவல் நிலையத்துக்குப் போவதானால் கூடவே வருவோம். மாவட்ட ஆட்சியருக்கும் உயர்கல்வித் துறைக்கும் சம்பந்தப்பட்ட பல்கலைக்கழகப் பதிவாளர்களுக்கும் இந்த அறிக்கையின் நகல் அனுப்பப்படுகிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை மீஞ்சூரில் நடக்கும் சங்கக் கூட்டத்துக்கு, ஆய்வு எழுதிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் கேள்விப் படிவத்தையும் களக் குறிப்பேட்டையும் கையோடு கொண்டுவரவும். புள்ளியியல் ஆசிரியர் இருவர் வருகிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து நேராக வருபவர்களுக்குக் காலை உணவு ஏற்பாடு செய்திருக்கிறோம்.

சங்கப் பொதுக்குழு சார்பில்,
காட்டுப்பள்ளி